அமலோற்பவத்தின் சாளைக் குழம்பு

முள்ளிக்கரையில் ஒரு சட்டி சாளைக் குழம்பு நாளுக்கு நாள் ருசி கூடிக்கொண்டே போனபோது, அது எப்படி நடக்கிறது என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அதை என்றைக்குச் சாப்பிடுவது என்றுதான் கேட்டார்கள். மீன்குழம்புக்கு வைத்த அன்றைக்கு ஒரு ருசி என்றால், மறுநாள் காலையில் பழைய சோற்றோடு சேரும்போது அதைவிட ஒரு படி மேலான ருசி என்பதைப் பால்குடி மறந்த பிள்ளைகூட அறிந்த கடற்கரை ஊர் அது. மறுநாள் கூடுகிற ருசி அதற்கு அடுத்த நாளும் கூடினால் அதில் வியக்க என்ன இருக்கிறது?

குழம்பு வைத்தவள் அமலோற்பவம். ஐஸ் கம்பெனியில் மேஸ்திரியாக இருக்கும் சந்தியாகுவின் மனைவி. பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் வீட்டில் இப்போது அவர்கள் இரண்டு பேர்தான். சந்தியாகு பெரிய மீன் சாப்பிடுகிறவர். சீலா, பாறை, விளைமீன், இவற்றில் ஒன்று தட்டில் இல்லையென்றால் அன்றைக்குச் சாப்பிட்டதாகவே நினைக்க மாட்டார். சாளையை அவர் மீன் என்று சொல்வதில்லை, கோழித்தீவனம் என்பார், ஏனென்றால் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று அவர் பார்த்த சாளையெல்லாம் லாரி லாரியாகத் தீவனத் தொழிற்சாலைக்குத்தான் போயிற்று. அமலோற்பவத்துக்கோ உலகத்தில் ஒரே மீன்தான் மீன், அது சாளை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் சாளை ஏறியதில்லை. சீலாத் துண்டுகளை எண்ணெயில் திருப்பிப் போடும்போதெல்லாம் அவள் சாளையை நினைத்துக்கொள்வாள், நினைத்துக்கொண்டே திருப்பிப் போடுவாள், துண்டு கருகாமல் வந்துவிடும், ஆசை மட்டும் கொஞ்சம் கருகும்.

தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்கு என்று சந்தியாகு உவரிக்குப் பஸ் ஏறிய அன்று, பஸ் திரும்பி மறைவதற்குள் அமலோற்பவம் ஒரு கிண்ணத்தோடு கரையில் நின்றாள். வாங்கி வந்த சாளையைச் செதிள் போகச் சுரண்டி, தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, கல்லுப்புப் போட்டுச் சட்டியில் உரசி உரசி, அலசின தண்ணீர் தெளிகிறவரை அலசினாள். வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்க, புளியும் மிளகாய்ப்பொடியும் மல்லிப்பொடியும் கொதிக்க, இரண்டு கீற்று மாங்காய் போட்டு, இரவு தங்க வேண்டிய குழம்பு என்பதால் தேங்காய் சேர்க்காமல், ஒரு ஆளுக்கு அளவான சின்ன மண்சட்டியில் இறக்கி வைத்தாள்.

முள்ளிக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கரண்டிக்கு வருகிற குழம்பெல்லாம் வீட்டாருக்கு. கரண்டிக்கு வராமல் சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பது ஆக்கியவளுக்கு. எல்லோரும் கை கழுவப் போன பிறகு அவள் அந்தச் சட்டிக்குள் ஒரு பிடி சோற்றைப் போட்டு, சுற்றிச் சுற்றித் துடைத்து, உருட்டி வாயில் போட்டுக்கொள்வாள். சட்டிச்சோறு என்று அதற்குப் பெயர். எவ்வளவு கண்டிப்பான மாமியாரும் மருமகளின் சட்டிச்சோற்றில் கை வைத்ததில்லை, எவ்வளவு பசித்த புருஷனும் அதைக் கேட்டதில்லை. ஆனால் சீலாக் குழம்பின் சட்டிச்சோறு சீலாவாகத்தானே இருக்கும். இந்த முறை கரண்டிக்கு வருவதும் தனக்கு, வராததும் தனக்கு என்று நினைத்தபோது அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பொறுத்தாயிற்று, இன்னும் ஓர் இரவு பொறுத்தால் பழைய சோற்றுக்கு நன்றாக இருக்கும் என்று, அவளும் அந்த ஊர்க்காரிதானே, சட்டியை மூடி வைத்தாள். முதல் தடவை ஒத்திப்போட்டது அவளேதான்.

மறுநாள் காலையில் குழம்பைச் சுட வைத்து, தட்டில் பழைய சோற்றைப் பிழிந்து வைத்த நேரத்தில், பக்கத்து வீட்டுப் பிரகாசி கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். வந்தவள் எதற்கு வந்தோம் என்பதை மறந்து அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். இன்றைக்கே இப்படி மணக்கிறதே, நாளைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள் என்று அவள் சொன்னபோது, அமலோற்பவமும் நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்த்ததுதான் தப்பாகப் போயிற்று. அன்றைக்குப் பழைய சோற்றுக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் சந்தியாகு ஊர் திரும்பினார். பஸ் நிறுத்தத்தில் இறங்கியபோதே, தன் வீட்டில் சாளை வெந்திருக்கிறது என்பதை மூக்கு அவருக்குச் சொல்லிவிட்டது. என்ன சொல்லித் திட்டுவது என்று வழியெல்லாம் யோசித்து, நல்லதாக நாலைந்து சேர்த்து வைத்துக்கொண்டு வந்தவர், அடுப்படிக்குள் நுழைந்து, மூடியைத் திறந்து, கரண்டியின் முதுகில் ஒட்டியிருந்த ஒரே ஒரு சொட்டை விரலால் வழித்து, இது என்னவென்று பார்க்கிறவர் போல நாக்கில் வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையில் பாதிப் பொத்தான் கழற்றியபடியே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடும் நேரத்துக்கு வாய் திறந்தார்.

"ஏட்டி, யாரும் தொடப்புடாது," என்றார். "நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"ஒங்களுக்குத்தான் சாளை பிடிக்காதே," என்றாள் அமலோற்பவம்.

"சாளை பிடிக்காதுதான். இது வேற."

அந்த வாரத்துக்குள் மணம் வீட்டை விட்டு வெளியேறித் தெருவிலேயே குடியேறிவிட்டது. தெருவுக்கு வந்த மணம் சும்மா இருக்கவில்லை. வெள்ளைச் சோற்றைத் தட்டில் போட்டு அந்த மணம் வருகிற பக்கமாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், சோறு தானாகச் சிவந்து, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமலே குழம்பு ஊற்றிப் பிசைந்த மாதிரி உள்ளே இறங்கியது. முதலில் பக்கத்து வீட்டார் ஜன்னலோரம் தட்டோடு உட்கார்ந்தார்கள், பிறகு தெருவே உட்கார்ந்தது, பிறகு எந்தத் தெரு எப்போது சாப்பிடுவது என்பதைக் காற்று முடிவு செய்யத் தொடங்கியது. கடலிலிருந்து கொண்டல் அடித்தால் கோயில் தெருவில் இலை போட்டார்கள், மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் கரையோரத்தில் படகு நிழலில் உட்கார்ந்தார்கள், காற்றே இல்லாத நாளில் ஊர் முழுவதும் பசியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடலுக்குப் போன படகுகள் கரை திரும்ப விளக்குக்கம்பத்தைத் தேடுவதை விட்டுவிட்டு மூக்கை வைத்து வந்தன. ஊர்ப் பூனைகள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து, ஒன்றுகூட உள்ளே நுழையாமல், கோயிலில் பூசை காண்பது போல முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தன.

தபால் ஆபீசுக்கு மாற்றலாகி வந்திருந்த போஸ்ட்மாஸ்டர் சுத்த சைவம். அவர் முதலில் ஜன்னல்களை அடைத்தார். சில நாள் கழித்துப் புழுக்கமாக இருக்கிறது என்று ஒரு ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்தார். அதற்குப் பிறகு அவருடைய தயிர்சாதம் லேசாகச் சிவந்தது. கலங்கிப்போய்ப் பங்குச் சாமியாரிடம் போய், வேற்றுமதம் ஆனாலும் விஷயம் தெரிந்தவர் என்பதால், இது மீன் சாப்பிட்டதில் சேர்த்தியா இல்லையா என்று கேட்டார். சாமியார் நெடுநேரம் யோசித்து, வாசனையில் முள் கிடையாது என்று சொல்லி அனுப்பினார். போஸ்ட்மாஸ்டர் அன்றைக்கு ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டார்.

ஒரு தெருவில் பிறந்த மணம் ஊர் முழுவதற்கும் சோறு போடத் தொடங்கியபோது ஊர்க் கமிட்டி கூடித்தானே ஆகவேண்டும். வலைக் கொட்டகையில் கூடினார்கள். தலைவர் இன்னாசிமுத்து எந்த வழக்கையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தே பெயர் வாங்கியவர். அவர் தலைமையில் எத்தனையோ சண்டைகள் தள்ளி வைக்கப்பட்டு, சண்டைக்காரர்களுக்கே அலுத்துப்போய்த் தீர்ந்திருக்கின்றன. குழம்பை இப்போது எடுத்தால் வீண், கூடுகிற ருசியை நடுவில் வெட்டக் கூடாது, அந்தோணியார் திருவிழா அன்று மதியம் பந்தலில் வைத்து ஊருக்கே ஆளுக்கொரு சொட்டு என்று அவர் சொன்னபோது கொட்டகையே தலையாட்டியது. ஒரு சொட்டுக்கே சந்தியாகு அரை நாள் உட்கார்ந்துவிட்டாரே, அதற்கு மேல் யாருக்கு வேண்டும்? சட்டி அமலோற்பவத்துக்கு, குழம்பு ஊருக்கு என்று தீர்மானம் ஆயிற்று.

பெண்கள் பக்கத்திலிருந்து அமலோற்பவம் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ திருவிழா வரைக்கும் அதைச் சூடு பண்ணுறது யாரு?"

இன்னாசிமுத்து இதில் கூடவா சந்தேகம் என்பது போலப் பார்த்தார். "நீதாம்மா. காலையும் சாயங்காலமும் சுட வைக்காட்டா கெட்டுப்போயிரும்லா."

சரி என்று அவள் உட்கார்ந்தாள். தன் ஆசை ஒரு சொட்டாகிப்போனது, அதுவும் வரிசையில் நின்று வாங்க வேண்டிய சொட்டு. ஒரு நாள் மதியம், யாரிடமும் சொல்லாமல், சோற்றைத் தட்டில் போட்டு, மூடியைத் திறந்து, கரண்டியைக் குழம்புக்குள் விட்டாள். கரண்டி பட்டதும் மணம் குபீரென்று கிளம்பி ஜன்னல் வழியே போயிற்று. ஜன்னலுக்கு வெளியே தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த தெரு மொத்தமும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது.

"என்னக்கா, எடுக்கப் போறியளா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"இல்ல, கிண்டி விடுதேன்," என்றாள் அமலோற்பவம். கிண்டி விட்டுவிட்டு மூடினாள். வெறும் சோற்றைச் சாப்பிட்டாள். அடுப்படிக்குள்ளேயே இருந்த அவளுக்குத்தான் அந்த மணம் பழகிப்போய்ச் சோறு சிவக்காமல் இருந்தது.

அன்று சாயங்காலம் சுட வைக்கும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். சட்டியின் உட்பக்கத்தில், முதல் நாள் குழம்பு நின்ற இடத்தில் ஒரு சிவந்த வளையம் இருந்தது. குழம்பு இப்போது அதற்கு வெகு கீழே நின்றது. கொதிக்கிற குழம்பு வற்றத்தானே செய்யும். ருசி ஏறிக்கொண்டிருந்தது, குழம்பு இறங்கிக்கொண்டிருந்தது. கை பழக்கத்தில் ஒரு தம்ளர் வெந்நீரை எடுத்தாள். எடுத்த தம்ளரைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்த வெந்நீரில் காப்பித்தூளைப் போட்டுக் குடித்துவிட்டாள்.

இரண்டொரு நாளில் பிரகாசி வந்து, மூடியை லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்தாள். குழம்பைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், அமலோற்பவத்தைப் பார்த்தாள். மூடியைச் சத்தமில்லாமல் பழையபடி வைத்தாள்.

"நல்லாச் சுட வையிங்கக்கா," என்றாள். "கெட்டுப்போயிரப்புடாது."

அதற்குப் பிறகு முள்ளிக்கரைப் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் குழம்பின் மேல் திடீரென்று அக்கறை வந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், கோயில் வாசலில், எங்கே பார்த்தாலும் அமலோற்பவத்தை நிறுத்தி, காலையும் சாயங்காலமும் மட்டும் போதுமா, வெயில் காலம், மதியமும் ஒரு கொதி விடுங்கள் என்றார்கள். அவளும் விட்டாள். ஆண்கள் யாரும் சட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. குழம்பு என்றால் கரண்டியில் வருவது என்பதோடு அவர்கள் அறிவு நின்றிருந்தது. கரண்டிக்கு முன்னால் அது எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

ஆனால் அமலோற்பவத்துக்குத் தூக்கம் போயிற்று. அவசரப்பட்டு யாராவது முன்னதாகத் திறந்தால் கரண்டிக்கு இன்னும் கொஞ்சம் வரும், அத்தனையும் போய்விடும். ரொம்பத் தாமதித்தால் அடிப்பிடித்துக் கரியாகிவிடும், அப்போதும் போய்விடும். அடுப்பை அவள் மொட்டு மாதிரி எரிய விட்டு, சட்டியின் முன்னால் குந்தி, குமிழி ஒவ்வொன்றாக வெடிப்பதைக் காவல் காத்தாள்.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவள் பயந்தது நடக்கப் பார்த்தது. கொடியேற்றம் முடிந்ததும் இன்னாசிமுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை முன்னால் இழுத்து, இன்றைக்கே திறந்துவிட்டால் என்ன என்று கேட்டார். அவர் வீடு காற்றுக்கு மறைவான சந்தில் இருந்தது. இத்தனை நாளில் அவருக்கு மணம் சரியாகக் கிடைத்ததே இல்லை. ஆண்கள் பக்கம் கிசுகிசுவென்று ஆதரவு கிளம்பியது. அமலோற்பவத்தின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. உடனே பிரகாசி எழுந்து, தலைவர் வாக்கு மாறலாமா, இவ்வளவு நாள் பொறுத்த ஊருக்கு இன்னும் சில நாள் பொறுக்கத் தெரியாதா என்று கேட்க, பெண்கள் பக்கம் மொத்தமும் ஒரே குரலில் பொறுமையின் பெருமையைப் பேசியது. சாமியார் அன்றைக்குப் பிரசங்கம் செய்திருந்ததும் பொறுமையைப் பற்றித்தான். தன் பிரசங்கத்தை இத்தனை பேர் கேட்டிருக்கிறார்களே என்று அவர் கண் கலங்கிப் பெண்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். இன்னாசிமுத்து உட்கார்ந்துவிட்டார்.

திருவிழா அன்று மதியம் பந்தலில் ஊரே உட்கார்ந்தது. இலை இலையாகச் சுடுசோறு விழுந்தது, சோற்றைத் தவிர வேறொன்றும் சமைக்கப்படவில்லை, எதற்குச் சமைக்க வேண்டும்? போஸ்ட்மாஸ்டர்கூட ஓரமாக ஓர் இலையில் உட்கார்ந்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு பாட்டிலோடு. சந்தியாகு சட்டியைத் துணி சுற்றிய இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பின்னால் அமலோற்பவம் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். அதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

சாமியார் சட்டியை மந்திரித்து ஆசீர்வதித்தார். இன்னாசிமுத்து புதிதாக வாங்கிய கரண்டியோடு நின்றார். மூடியைத் திறந்ததும் பந்தலில் இருந்த கொடிகள் எல்லாம் சட்டியின் பக்கமாகச் சாய்ந்தன. அவர் கரண்டியை உள்ளே விட்டார். சொர் என்று மண்ணில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தார், கரண்டியில் ஒன்றுமில்லை. மறுபடி விட்டார், மறுபடி சொர். சாய்த்துப் பார்த்தார். சட்டியின் அடியிலும் சுற்றிலும், பழுத்த மாதுளை நிறத்தில், பளபளவென்று, ஒரு பூச்சாக ஒட்டிக்கொண்டிருந்தது குழம்பு. சாளை எல்லாம் கரைந்து அதற்குள் போயிருந்தது.

கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் என்ன என்று ஒரு ஆண் குரல் கேட்டது. பந்தலில் இருந்த பெண்கள் எல்லோரும் அந்தக் குரல் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் மறுபடி கேட்கவில்லை.

"கரண்டிக்கு வரலையே," என்றார் இன்னாசிமுத்து, இன்னமும் புரியாமல்.

"வரலைன்னா," என்றாள் பிரகாசி, "அது ஆக்குனவளுக்கு."

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுச் சட்டி ஞாபகம் வந்தது, எல்லோரும் எழுந்த பிறகு அதன் முன்னால் உட்காருகிறவள் ஞாபகம் வந்தது. முள்ளிக்கரையில் சட்டிச்சோற்றில் கை வைத்தவன் என்ற பெயரை யார் சுமப்பது? இதையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கலாமா என்று இன்னாசிமுத்துவின் வாய் திறந்து, மூடிக்கொண்டது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

அமலோற்பவம் தரையில் உட்கார்ந்து சட்டியை மடியருகே இழுத்து, தூக்குவாளியைத் திறந்தாள். உள்ளே நேற்று வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு. சந்தியாகு அந்த வாளியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி வாளியைப் பார்த்தார். அவள் சோற்றைப் பிழிந்து சட்டிக்குள் போட்டு, அடியைத் துடைத்து, பக்கங்களைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, முதல் உருண்டையை வாயில் போட்டாள். அவள் துடைக்கத் துடைக்க, ஊரில் பரவியிருந்த மணம் ஓரத்திலிருந்து சுருங்கி வந்தது. கடலில் நின்ற படகுகளை விட்டு, கோயில் தெருவை விட்டு, தபால் ஆபீஸ் ஜன்னலை விட்டுக் கிளம்பி, பூனைகள் ஒவ்வொன்றாக எழுந்து வழிவிட, பந்தலுக்குள் வந்து, அவள் கையிலிருந்த கடைசி உருண்டைக்குள் அடங்கியது. அதையும் அவள் மென்று விழுங்கினாள். சட்டி புதுச்சட்டி மாதிரி இருந்தது.

எப்படி இருக்கிறது என்று சாமியார்தான் கேட்டார்.

அமலோற்பவம் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பி முடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, சாமி," என்றாள். "நாளைக்குன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

முதலில் பிரகாசி சிரித்தாள். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. வெள்ளைச் சோற்றின் முன்னால் விழித்துக்கொண்டிருந்த ஆண்களுக்கு, போஸ்ட்மாஸ்டர் தன் பாட்டிலைத் திறந்து, உப்பு எலுமிச்சை ஊறுகாய், போன வருஷத்தது, பழசானால்தான் ருசி என்று சொல்லியபடி ஆளுக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டே போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காலிச் சட்டியைச் சந்தியாகுதான் சுமந்து வந்தார். கரை தெரிகிற திருப்பத்தில் நின்றார். திருவிழாவுக்காகக் கடலில் இறக்காமல் கிடந்த வள்ளங்கள் நடுவே, பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று அப்போதுதான் ஒதுங்கிக்கொண்டிருந்தது. வலையில் வெள்ளி வெள்ளியாக ஏதோ துள்ளியது.

"சாளை மாதிரி இருக்கு," என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. "நாளைக்கு வேணும்னா கொஞ்சம் வாங்கட்டா?"

அமலோற்பவம் அவர் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு, தூக்குவாளியை அவரிடம் நீட்டினாள்.

"இன்னைக்கே வாங்குங்க," என்றாள்.